மாலைச் சிறப்பு வகுப்பும் பயிற்சியும் முடிந்து மாணவர்கள் வீடு திரும்பப் பேருந்து வசதி கோரும் மனு

அனுப்புநர்
பெற்றோர்கள் மற்றும் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்கள்,
அரசு மேல்நிலைப் பள்ளி (பெயரும் முகவரியும் கையொப்பப் பட்டியலின் முகப்பில் உள்ளன),
அணைக்கட்டு வட்டம், வேலூர் மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
சத்துவாச்சாரி, வேலூர்.

நாள்: 25.11.2024

பொருள்: கல்வியாண்டின் பிற்பகுதியில் மாலைச் சிறப்பு வகுப்பு, விளையாட்டு, கலைப் பயிற்சி, நாட்டு நலப்பணி ஆகியவற்றில் பங்கேற்கும் மாணவ மாணவியர் வீடு திரும்ப மாலை 5.40 மணிக்குப் பேருந்து நடை ஒன்றை ஏற்பாடு செய்யவும், உடற்கல்வி ஆசிரியர் பணியிடத்தை நிரப்பவும், பள்ளி மைதானத்தைப் பள்ளி நாட்களில் பள்ளிக்கே விட்டுவைக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் பள்ளி ஜவ்வாது மலையடிவாரத்தை ஒட்டிய ஊராட்சி ஒன்றில் உள்ளது. பள்ளி அமைந்துள்ள ஊரிலிருந்து வரும் பிள்ளைகளைவிட, சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்தும், நிலத்திலேயே கொட்டாய் போட்டுக் குடியிருக்கும் வீடுகளிலிருந்தும் வரும் பிள்ளைகளே அதிகம். தந்தையரில் பலர் பெங்களூரில் கட்டட வேலை செய்கின்றனர். மாதத்துக்கு ஒருமுறை ஊருக்கு வந்தாலே பெரிது. தாய்மார்கள் நூறு நாள் வேலைக்கும், வேர்க்கடலை பறிப்புக்கும், கரும்பு வெட்டுக்கும் செல்கின்றனர். ஆகவே, பொழுது சாய்ந்த பிறகு பள்ளிக்குச் சென்று பிள்ளையை அழைத்துவர வீட்டில் ஆளும் இல்லை, வண்டியும் இல்லை என்பதே பெரும்பாலான குடும்பங்களின் நிலை என்பதை முதலில் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறோம்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை இது ஒரு குறையாகவே தெரிவதில்லை. மாலை 4.10 மணிக்குப் பள்ளி விடுகிறது, 4.25 மணிக்கு அரசு நகரப் பேருந்து வருகிறது. பிள்ளைகள் ஏறிச் சென்றுவிடுகின்றனர். காலாண்டு விடுமுறை முடிந்து அக்டோபரில் பள்ளி திறந்ததும்தான் சிக்கல் தொடங்குகிறது. பத்தாம் வகுப்புக்கும் மேல்நிலை வகுப்புகளுக்கும் மாலை 5.30 மணி வரை சிறப்பு வகுப்பு நடக்கிறது. டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு, பிறகு திருப்புதல் தேர்வுகள், 2025 மார்ச் 3ஆம் தேதி பன்னிரண்டாம் வகுப்புக்கும், மார்ச் 5ஆம் தேதி பதினொன்றாம் வகுப்புக்கும், மார்ச் 28ஆம் தேதி பத்தாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு என்று அரசு அட்டவணை வெளியிட்டுவிட்ட நிலையில், சிறப்பு வகுப்பு வேண்டாம் என்று எந்தப் பெற்றோரும் சொல்லமாட்டார். தங்கள் சொந்த நேரத்தைக் கொடுத்து அந்த வகுப்பை நடத்தும் ஆசிரியர்களுக்கு நாங்கள் நன்றிக்கடன் பட்டுள்ளோம். ஆனால் 4.25 மணிப் பேருந்தை விட்டால் அடுத்த பேருந்து 6.55 மணிக்குத்தான். அதுவும் மழை பெய்தால் எப்போது வரும் என்று நடத்துநருக்கே தெரியாது.

கார்த்திகை, மார்கழி மாதங்களில் ஐந்தே முக்காலுக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடுகிறது. பள்ளியிலிருந்து சிற்றூர்களுக்குச் செல்லும் சாலை நான்கு முதல் ஏழு கிலோமீட்டர் வரை நீள்கிறது. அதில் ஏரிக்கரையை ஒட்டிய பகுதியில் தெருவிளக்கு ஒன்றுகூட எரிவதில்லை. ஆலைக்குக் கரும்பு ஏற்றிச் செல்லும் டிராக்டர்கள் பின்விளக்கு இல்லாமலும், கரும்புச் சோகை இருபுறமும் சாலையை உரசும்படியும் அதே நேரத்தில் அதே சாலையில்தான் செல்கின்றன. கடலைக் கொல்லைக்கு இறங்கும் காட்டுப்பன்றிகளுக்கும் அதுதான் நேரம். இந்தச் சாலையில் பதினான்கு, பதினைந்து வயதுப் பெண் பிள்ளைகளை நடந்து வரச் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. அரசின் விலையில்லா மிதிவண்டி பதினொன்றாம் வகுப்பில்தான் கிடைக்கிறது. எனவே முதல் பொதுத்தேர்வை எழுதும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் மிதிவண்டியும் இல்லை. ஷேர் ஆட்டோவுக்கு ஒரு நடைக்கு இருபது ரூபாய் கேட்கின்றனர். இரண்டு பிள்ளைகள் படிக்கும் வீட்டில் அது அன்றாடம் கொடுக்கக்கூடிய தொகை அல்ல.

இதன் விளைவு என்னவென்றால், சிறப்பு வகுப்பு உள்ளூர்ப் பிள்ளைகளுக்கும் ஆண் பிள்ளைகளுக்கும் மட்டுமே உரியதாகச் சுருங்கிவிட்டது. கணக்கிலும் அறிவியலிலும் யாருக்குக் கூடுதல் உதவி மிகவும் தேவையோ, அவர்களே 4.25 மணிப் பேருந்துக்கு ஓடுகின்றனர். அவர்கள் வீட்டுக்குச் செல்வதைத் தலைமையாசிரியராலும் தடுக்க முடிவதில்லை. தடுத்து நிறுத்தினால் இருட்டில் எப்படி அனுப்புவது என்று அவர் கேட்கும் கேள்விக்கு எங்களிடமும் விடை இல்லை.

பாடத்தைப் பற்றி மட்டும் சொல்லி முடித்துவிட்டால் எங்கள் குறையில் பாதியைத்தான் சொன்னதாகும். ஆண்டின் நடுப்பகுதியில் பள்ளியில் நடக்கும் மற்ற நல்ல காரியங்கள் யாவும் இந்த மாலைப் பொழுதை நம்பியே இருக்கின்றன. காலாண்டு விடுமுறையில் நடந்த நாட்டு நலப்பணித் திட்டச் சிறப்பு முகாமில் எங்கள் மாணவர்கள் ஏழு நாட்கள் தங்கி, ஏரிக்கரையில் முள்செடிகளை அகற்றி, பனை விதைகளை நட்டு, ஊர்த் தொட்டியைச் சுற்றிச் சாக்கடை தேங்காதபடி வாய்க்கால் வெட்டித் தந்தனர். முகாமின் தொடர்ச்சியாக மாலையில் குழுக்களாகச் சென்று விதைகளுக்கு வேலி கட்டுவதாக அவர்கள் ஊராருக்கு வாக்குக் கொடுத்திருந்தனர். அந்தப் பணி முகாமோடு நின்றுபோனது. ஆடு மேய்ந்தது போக எத்தனை கன்று தப்பும் என்பது அடுத்த மழைக்குத்தான் தெரியும்.

கலைத் திருவிழா தொடர்பாக நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டுகிறோம். வட ஆற்காட்டுப் பகுதியில் வழங்கும் தெருக்கூத்தை எங்கள் ஊரில் தலைமுறை தலைமுறையாக ஆடிவரும் கூத்து வாத்தியார் ஒருவர், கூலி எதுவும் பெறாமல் பள்ளிப் பிள்ளைகளுக்கு அடவும் தாளமும் சொல்லிக்கொடுக்க முன்வந்தார். பகலில் அவருக்கு நிலத்தில் வேலை. ஆகவே நான்கரை மணிக்கு மேல்தான் வர முடியும். ஒன்பதாம் வகுப்பு மாணவர் ஒருவர் முகவீணை ஊதப் பழகினார். இன்று அந்தக் கருவியை வாசிக்க ஆள் கிடைப்பதே அரிது என்று வாத்தியாரே சொல்லி மகிழ்ந்தார். வட்டார அளவிலான போட்டி வரை குழு சென்றது. ஆனால் பயிற்சிக் காலத்தில் நாங்கள் நேரில் கண்டது இதுதான்: வாத்தியார் பள்ளி வாசலில் மிதிவண்டியை நிறுத்தும்போதே பேருந்தும் வந்து நின்று ஒலி எழுப்பும், அவருக்காக முன்கூட்டியே சலங்கை கட்டிக் காத்திருந்த பெண் பிள்ளைகள் அதைக் கழற்றிப் பைக்குள் திணித்துக்கொண்டு, நடத்துநர் விசில் அடிப்பதற்குள் ஏறிவிட ஓடுவார்கள். இரண்டு வாரத்தில் குழுவில் பெண் பிள்ளைகளே இல்லாமல் போயினர். திரௌபதி வேடத்தைக் கடைசியில் ஓர் ஆண் பிள்ளைதான் கட்டினான். கூத்தில் அது பழைய வழக்கம்தான் என்றாலும், கட்ட விரும்பிய பெண் பிள்ளை பேருந்துக்காக விலகிக்கொண்டதுதான் எங்களுக்கு வருத்தம்.

விளையாட்டிலும் நிலை இதுவே. அங்கு ஆளும் இல்லை என்பது கூடுதல் குறை. எங்கள் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர் இக்கல்வியாண்டின் தொடக்கத்தில் மாறுதலில் சென்றபின் அந்த இடம் நிரப்பப்படவில்லை. குழந்தைகளுக்கான இலவச மற்றும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009, ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையில் நூறு பிள்ளைகளுக்கு மேல் படிக்கும் பள்ளிகளில் கலை, உடல்நலம் மற்றும் உடற்கல்வி, தொழிற்கல்வி ஆகியவற்றுக்குப் பகுதிநேரப் பயிற்றுநர்களாவது இருக்க வேண்டும் என்று தன் அட்டவணையிலேயே வகுத்துள்ளது. எங்கள் பள்ளியில் இவ்வகுப்புப் பிள்ளைகளின் எண்ணிக்கை அந்த வரம்பைத் தாண்டியது என்பதைப் பதிவேடே காட்டும். ஆசிரியர் இல்லாததால் விளையாட்டுப் பாடவேளைகள் கால அட்டவணையில் மட்டும் உள்ளன. உண்மையில் அவை கணக்குக்கோ ஆங்கிலத்துக்கோ சென்றுவிடுகின்றன. வாலிபால் வலை அலமாரியில் பூட்டப்பட்டுக் கிடக்கிறது.

மைதானத்தைப் பற்றியும் சொல்ல வேண்டியுள்ளது. சாலைப் பணிக்காகக் கொட்டப்பட்ட ஜல்லி பணி முடிந்தும் அள்ளப்படாமல் ஒரு மூலையை அடைத்துக்கொண்டிருக்கிறது. சந்தை நாளன்று சரக்கு வண்டிகள் மைதானத்துக்குள் நிறுத்தப்படுகின்றன. மழை நாளில் அவற்றின் சக்கரத் தடங்களில் தண்ணீர் தேங்கி, மறு வாரம் வரை கால் வைக்க முடிவதில்லை. தை பிறந்ததும் நம் மாவட்டத்தில் தொடங்கும் காளை விடும் விழாக்கள் மார்ச் வரை ஊர் ஊராக நடக்கின்றன. அவ்விழாவுக்கு நாங்கள் எதிரானவர்கள் அல்லர். இம்மனுவில் கையொப்பமிட்டுள்ளோரில் பலர் வீட்டில் காளை வளர்ப்பவர்கள்தாம். விழாவுக்கு அனுமதி தங்கள் அலுவலகம் வழியாகவே வழங்கப்படுவதால், எங்கள் ஊர் விழாவை விடுமுறை நாளில் நடத்த வேண்டும் என்றும், பள்ளி மைதானத்தில் வாகனங்களை நிறுத்தக் கூடாது என்றும் அந்த அனுமதி ஆணையிலேயே ஒரு வரி சேர்த்துவிட்டால், பிறகு ஊருக்குள் யாருக்கும் மனத்தாங்கல் இருக்காது. நாங்களாகச் சென்று சொன்னால் அது கட்சிப் பேச்சாகவும் தெருப் பேச்சாகவும் ஆகிவிடுகிறது.

கடந்த ஆகஸ்டில் மறுகட்டமைப்பு செய்யப்பட்ட பள்ளி மேலாண்மைக் குழுவில் இப்பொருள்கள் விவாதிக்கப்பட்டுத் தீர்மானமாகவும் பதிவாகியுள்ளன. பேருந்து நேரத்தை மாற்றக் கோரிப் பணிமனைக்கும் எழுத்து மூலம் விண்ணப்பித்தோம். அந்த வழித்தடத்தில் வசூல் இல்லை என்று வாய்மொழியாகப் பதில் கிடைத்தது. மாணவர்களிடம் இலவசப் பயண அட்டை இருக்கிறது. பெண்களுக்கு 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் கட்டணம் இல்லை. அதற்கான தொகையை அரசே போக்குவரத்துக் கழகங்களுக்கு வழங்கிவருகிறது. அப்படியிருக்க, மாணவர்களும் கூலிப் பெண்களும் ஏறும் ஒரு வண்டியில் டிக்கெட் வசூலைப் பார்த்து நடையை முடிவு செய்வது பொருத்தமாக எங்களுக்குத் தோன்றவில்லை. மேலும், நாங்கள் புதிய பேருந்து எதுவும் கேட்கவில்லை. 6.55 மணிக்கு வந்து எங்கள் கடைசிச் சிற்றூரில் இரவு தங்கும் ஹால்ட் வண்டி, அதற்கு முன் ஒரு நடை ஒடுகத்தூர் வரை சென்று திரும்பிய பின் ஏறத்தாழ ஒரு மணி நேரம் நிற்கிறது. அந்த நிற்கும் நேரத்தில் எங்கள் பள்ளி வரை ஒரு நடை வந்து செல்ல முடியும் என்று அவ்வண்டி ஊழியர்களே கூறுகின்றனர். இதைப் பணிமனை அலுவலர்கள் நேரில் ஆய்வு செய்தால் உண்மை விளங்கும்.

ஆகவே, வரும் திங்கட்கிழமை முதல் இல்லையாயினும் அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளிலிருந்தாவது, ஏப்ரலில் பொதுத்தேர்வுகள் முடியும் வரை, பள்ளி நாட்களில் மாலை 5.40 மணிக்கு எங்கள் பள்ளி நிறுத்தத்திலிருந்து சிற்றூர்கள் வழியாகப் பேருந்து நடை ஒன்றை இயக்கப் போக்குவரத்துக் கழக அலுவலர்களுக்கு அறிவுறுத்துமாறு பணிவுடன் வேண்டுகிறோம். காலியாக உள்ள உடற்கல்வி ஆசிரியர் பணியிடம் முறையாக நிரப்பப்படும் வரை, அருகிலுள்ள பள்ளி ஒன்றின் உடற்கல்வி ஆசிரியரை வாரத்தில் இரு நாட்களாவது மாற்றுப் பணியில் அனுப்பும்படி முதன்மைக் கல்வி அலுவலருக்குப் பரிந்துரைக்குமாறும், மைதானத்தில் கிடக்கும் ஜல்லியை அகற்றவும் சந்தை வண்டிகளுக்கு வேறு இடம் ஒதுக்கவும் வட்டார வளர்ச்சி அலுவலருக்கு ஆணையிடுமாறும், ஏரிக்கரைச் சாலையில் தெருவிளக்கு அமைக்க ஊராட்சிக்கு அறிவுறுத்துமாறும் கேட்டுக்கொள்கிறோம்.

இறுதியாக, சிறப்பு வகுப்புப் பிள்ளைகளின் பசியைப் பற்றி ஒரு வேண்டுகோள். அரசின் காலை உணவு ஐந்தாம் வகுப்பு வரைக்கும், சத்துணவு பத்தாம் வகுப்பு வரைக்கும் வழங்கப்படுகின்றன. மேல்நிலைப் பிள்ளைகள் காலையில் கட்டிக்கொண்டு வந்த சோற்றை மதியம் உண்டுவிட்டு, மாலை ஐந்தரை வரை வெறும் வயிற்றோடு அமர்ந்திருக்கின்றனர். மாலையில் ஒரு கிண்ணம் சுண்டலுக்கு ஏற்பாடு செய்ய இயலுமானால், அதை அவித்து வழங்கும் வேலையையும் விறகுச் செலவையும் எங்கள் ஊர் மகளிர் சுயஉதவிக் குழுவினர் ஏற்றுக்கொள்வதாக ஒப்புதல் கடிதம் தந்துள்ளனர். கொண்டைக்கடலையும் பயறும் மட்டும் அரசு வழியாகவோ, தாங்கள் அடையாளம் காட்டும் நன்கொடையாளர் வழியாகவோ கிடைத்தால் போதும்.

பேருந்து குறித்த ஆய்வுக்கு அலுவலர்கள் வரும் நாளை முன்னதாகத் தெரிவித்தால், மேலாண்மைக் குழுவின் சார்பில் இருவர் 4.25 மணிக்கும் 6.55 மணிக்கும் நிறுத்தத்தில் உடனிருந்து விவரம் அளிப்போம்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பெற்றோர்கள் மற்றும் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்கள்
(கையொப்பப் பட்டியல், குழுத் தீர்மான நகல், பணிமனைக்கு அளித்த விண்ணப்ப நகல், மகளிர் குழுவின் ஒப்புதல் கடிதம் ஆகியவை இணைக்கப்பட்டுள்ளன.)