ஏழு நாளில் ஐந்நூறு மைல் வேண்டாம்: நாயுடன் ஸ்காட்லாந்து செல்வோருக்கு ஒரு வேண்டுகோள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் வார இதழின் விடுமுறைப் பக்கத்தில், உள்ளேயே தூங்க வசதியுள்ள கேம்பர்வேன் ஒன்றை வாடகைக்கு எடுத்து, வீட்டு நாயையும் ஏற்றிக்கொண்டு, ஸ்காட்லாந்தின் வடகரை முழுவதையும் ஒரே வாரத்தில் சுற்றிவந்து, வழிநெடுக ஜியோகேச்சிங் பெட்டிகளைத் தேடி மகிழலாம் என்று வெளியான கட்டுரையைப் படித்தேன். கிளாஸ்கோவில் பதினான்கு ஆண்டுகளாக வசிப்பவள், வயதாகிவரும் ஒரு லாப்ரடார் நாயை வளர்ப்பவள், வார இறுதிகளில் இந்தப் பெட்டிகளைத் தேடியே காடுமேடெல்லாம் நடப்பவள் என்ற முறையில் அக்கட்டுரையின் நோக்கத்தை மனமார வரவேற்கிறேன். ஆயினும் அதில் தரப்பட்டிருந்த பயணத் திட்டத்தை அப்படியே பின்பற்ற வேண்டாம் என்று வாசகர்களைக் கேட்டுக்கொள்ளவே இக்கடிதத்தை எழுதுகிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் நாங்களும் அதே திட்டத்தைத்தான் போட்டோம். அதனால் அல்லல்பட்டது எங்கள் நாய் கறுப்பிதான்.

ஜியோகேச்சிங் என்றால் என்னவென்று அறியாத வாசகர்களுக்காகச் சில வரிகள். செயற்கைக்கோள் வழி இடமறியும் ஜிபிஎஸ் சமிக்ஞையில், பொதுமக்களுக்கு நூறு மீட்டர் வரை பிசகு வரும்படி அமெரிக்க அரசு வேண்டுமென்றே ஒரு பிழையைச் சேர்த்துவந்தது. 2000 மே மாதத் தொடக்கத்தில் அதிபர் கிளின்டனின் ஆணைப்படி அந்தப் பிழை நீக்கப்பட்டது. மறுநாளே, மே 3 அன்று, டேவ் உல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்தின் பீவர்க்ரீக் என்னும் ஊருக்கு அருகே ஒரு கறுப்பு வாளியில் சில பொருள்களையும் ஒரு குறிப்பேட்டையும் போட்டு மறைத்துவைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் அறிவித்தார். இன்று உலகெங்கும் முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் இவ்வாறு மறைத்துவைக்கப்பட்டுள்ளன. தேடிக் கண்டுபிடிப்பவர் குறிப்பேட்டில் பெயரெழுதிவிட்டு, பெட்டியை இருந்த இடத்திலேயே இருந்தபடியே வைத்துவிட வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு.

இனி அந்தத் திட்டத்தின் கணக்கைப் பார்ப்போம். நார்த் கோஸ்ட் 500 என்று 2015-இல் அறிமுகப்படுத்தப்பட்ட வட்டப்பாதைதான் அக்கட்டுரை சொன்ன வடகரைச் சுற்று. அது இன்வர்னஸ் நகரில் தொடங்கி அங்கேயே முடிவது. அதன் நீளம் 516 மைல். கிளாஸ்கோவிலிருந்து இன்வர்னஸுக்குப் போக 170 மைல், திரும்ப 170 மைல். மொத்தம் 856 மைல். ஏழு நாளுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு 122 மைல். நெடுஞ்சாலையில் இது இரண்டு மணி நேர ஓட்டம்தானே என்று தோன்றும். ஆனால் வடமேற்குக் கரையில் பெரும்பகுதி ஒரு வண்டி மட்டுமே செல்லும் அகலமுள்ள சாலை. எதிரே வண்டி வந்தால் ஒதுங்கிடம் பார்த்து நிற்க வேண்டும், பின்னால் வரும் உள்ளூர்க்காரருக்கு வழிவிட வேண்டும், சாலையில் படுத்திருக்கும் செம்மறிகள் எழுந்து போகும்வரை காத்திருக்க வேண்டும். இதற்கிடையில் பெட்டி தேடவும் இறங்கினால், நாய்க்கு என்ன நேரம் மிஞ்சும்?

எங்களுக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். முதல் இரண்டு நாளும் காலையில் கிளம்பி இரவு வரை ஓட்டினோம். சாலையோர நிறுத்தங்களுக்கு அருகிலேயே இருந்த சிறு பெட்டிகளாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, ஓடிப்போய்க் கையெழுத்திட்டு, ஓடிவந்து ஏறிக்கொண்டோம். கறுப்பிக்கு அந்த ஐந்து நிமிடங்களில் புல்லை முகரக்கூட வாய்க்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் அவள் வண்டியின் கதவருகே வந்து, கால்களை ஊன்றி நின்று, ஏற மறுத்துவிட்டாள். தூக்கி ஏற்ற முயன்றபோது இடுப்பு வலியில் முனகினாள். ஒன்பது வயது நாயை வளைவும் ஏற்றமுமான சாலையில் ஒரே இடத்தில் வாரிட்டுக் கட்டி உட்கார வைத்திருந்தது எங்கள் தவறு. அன்றே வழியை மாற்றி, உல்லாப்பூல் என்ற மீனவ ஊரில் தங்கிவிட்டோம். எஞ்சிய நான்கு நாள்களும் அங்கேயே கழிந்தன. எங்கள் பயணங்களில் மனத்தில் நிற்பவை அந்த நான்கு நாள்கள்தாம்.

ஆகவே நான் முன்வைக்கும் திட்டம் இது: முதல் நாளையும் ஏழாம் நாளையும் பயணத்துக்கென்று ஒதுக்குங்கள், நடுவிலுள்ள ஐந்து நாளும் ஒரே வட்டாரத்தில் தங்குங்கள். கிளாஸ்கோவிலிருந்து இன்வர்னஸ் வழியாக உல்லாப்பூலுக்கு ஏறத்தாழ 227 மைல். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கால்மணி நேரமாவது நிறுத்தி ஓய்வெடுக்க வேண்டுமென்று இந்நாட்டுச் சாலை விதிநூல் ஓட்டுநருக்குச் சொல்வதை நாய்க்கும் சேர்த்தே சொன்னதாகக் கொள்ளுங்கள். அந்த நிறுத்தங்களில் பெட்டி தேடாமல் நாயை நடக்கவிடுவதே நல்லது. அங்கே சென்று சேர்ந்தபின் நான்கு இரவு உல்லாப்பூலிலும், இரண்டு இரவு லாக்கின்வர் பக்கத்திலும் தங்கினால் போதும். இரண்டுக்கும் இடையே நல்ல சாலையில் 37 மைல்தான். கடலோரமாக அச்சில்டிபுயீ பக்கம் சுற்றிக்கொண்டு போகும் குறுகிய சாலை அழகானது என்று யாராவது சொன்னால், பெரிய வண்டியில் அங்கே நுழையாதீர்கள். அது போலவே ஆப்பிள்கிராஸுக்கு ஏறும் பெயலாக் ந பா கணவாய் 626 மீட்டர் உயரம் வரை கொண்டையூசி வளைவுகளாக ஏறுவது. மிகப்பெரிய வண்டிகளுக்கு உகந்ததல்ல என்று அடிவாரத்திலேயே எச்சரிக்கைப் பலகை நிற்கிறது.

இந்த வட்டாரத்தை நான் பரிந்துரைப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. ஜியோகேச்சிங்கில் எர்த்கேச் என்றொரு வகை இருக்கிறது. அதில் பெட்டியே கிடையாது. குறிப்பிட்ட இடத்துக்குப் போய், அங்குள்ள பாறையையோ நிலத்தோற்றத்தையோ உற்றுக் கவனித்து, கேட்கப்பட்ட கேள்விகளுக்கு விடையெழுதி அனுப்ப வேண்டும். உல்லாப்பூலுக்கு வடக்கே 13 மைலில் உள்ள நாக்கன் கிராக் என்னும் பாறைச்சரிவு, இவ்வகைத் தேடலை விரும்புவோர் ஒருமுறையாவது நிற்க வேண்டிய இடம். ஏறத்தாழ நூறு கோடி ஆண்டுப் பழமையுள்ள பாறை, ஐம்பது கோடி ஆண்டுப் பழமையுள்ள சுண்ணாம்புக்கல்லின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. மூத்தது மேலும் இளையது கீழுமாக இருப்பது எப்படி என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் அறிஞர்களிடையே பெரும் பூசல் நடந்தது. பென் பீச், ஜான் ஹார்ன் என்னும் இரு நிலவியலாளர்கள் இந்த மலைகளைக் கால்நடையாகவே அளந்து, நிலத்தட்டுகள் நெருக்கியதில் பழைய பாறை பக்கவாட்டில் தள்ளப்பட்டு மேலே ஏறியது என்று நிறுவினார்கள். அவர்களுடைய பேரறிக்கை 1907-இல் வெளிவந்தது. அந்த இரு பாறைகளும் சந்திக்கும் கோட்டின் மேல் உள்ளங்கையை வைத்தால் ஒரே கை இரண்டையும் தொடும். அன்று எங்களுக்கு அங்கே ஒன்றரை மணி நேரம் போனது தெரியவில்லை. கறுப்பி பாதையோரத்தில் படுத்து, காற்றை முகர்ந்துகொண்டிருந்தாள். வண்டி ஓடாத ஒன்றரை மணி நேரம் அவளுக்கு எவ்வளவு தேவைப்பட்டது என்பதை அப்போதுதான் கண்டேன்.

அங்கிருந்து மேலும் சற்றுத் தொலைவில் இஞ்சனடாம்ஃப் அருகே எலும்புக் குகைகள் உள்ளன. கரடி, பனிமான், லின்க்ஸ் பூனை முதலியவற்றின் எலும்புகள் கிடைத்த இக்குகைகளுக்கு ஓடையோரமாகப் போய்வருவது நாய்க்கு ஏற்ற அரைநாள் நடை. அசின்ட் ஏரிக்கரையில் இடிந்து நிற்கும் ஆர்ட்வ்ரெக் கோட்டை, 1650-இல் போரில் தோற்றோடிய அரசர் தரப்புப் படைத்தலைவர் மான்ட்ரோஸ் பிரபு பிடித்துவைக்கப்பட்ட இடம். உல்லாப்பூலுக்குத் தெற்கே கோரிஷாலக் பள்ளத்தாக்கின் மேல் 1874-இல் கட்டப்பட்ட தொங்குபாலத்தில் ஒரே நேரத்தில் ஆறு பேருக்கு மேல் நிற்கக் கூடாது. பாலம் ஆடும்போது சில நாய்கள் மிரளும். கயிற்றைக் குறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள், நாய் மறுத்தால் வற்புறுத்தாதீர்கள்.

பெட்டிகளைத் தேர்ந்தெடுப்பதில் எண்ணிக்கையை மறந்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு பெட்டிக்கும் தேடற் கடினம், நிலக் கடினம் என்று ஒன்று முதல் ஐந்து வரை இரு மதிப்பெண்கள் தரப்பட்டிருக்கும். நாங்கள் நிலக் கடினம் இரண்டரைக்கு மேற்பட்டதை இப்போது தொடுவதில்லை. நாய்க்கு ஏற்ற இடமா என்பதைக் காட்டும் குறியீடும் உண்டு. ஆனால் அதை இட்டவர் எந்த மாதத்தை மனத்தில் வைத்து இட்டார் என்பது நமக்குத் தெரியாதாகையால், அண்மையில் தேடியவர்கள் எழுதிய குறிப்புகளையும் படித்துப் பாருங்கள். நாளொன்றுக்கு மூன்று பெட்டி, அவற்றுள் ஒன்று மழைநாளுக்கான எளிய பெட்டி என்பதே போதுமான அளவு. அப்பகுதியில் பல இடங்களில் கைபேசிச் சமிக்ஞை கிடைக்காது; வரைபடத்தையும் பெட்டி விவரங்களையும் வீட்டிலேயே பதிவிறக்கிக்கொள்ளுங்கள். சிறு பெட்டிகளில் பேனா இருக்காது, கொண்டுசெல்ல வேண்டும். பெட்டிக்குள் உண்பொருள் எதையும் வைக்கக் கூடாது என்ற விதியைக் குழந்தைகளுக்கு விளக்கிச் சொல்லுங்கள். மோப்பம் பிடித்துவரும் விலங்குகள் பெட்டியைக் கடித்துக் குதறிவிடும், நம் நாயும் அவற்றில் ஒன்றே. பெட்டியை மண்ணைத் தோண்டிப் புதைக்கக் கூடாது என்பது விதி. எனவே நீங்கள் தேடும்போது தோண்டவோ, கல்மதில்களைப் பிரிக்கவோ தேவையே இல்லை. முதற்பயணத்தில் நான் ஓர் உழவரின் கல்மதிலிலிருந்து இரண்டு கற்களை உருவிப் பார்த்தேன். திரும்ப வைத்தபோது அவை பழையபடி பொருந்தவில்லை. இன்றும் அதை நினைத்து வருந்துகிறேன்.

கால்நடைகளைப் பற்றித் தங்கள் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாதது எனக்கு மிகுந்த கவலையளித்தது. ஸ்காட்லாந்தில் 2003-ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டப்படி, பொறுப்புடன் நடந்துகொள்ளும் எவருக்கும் பெரும்பாலான நிலங்களில் நடந்து செல்லும் உரிமை உண்டு. நாயுடன் செல்வோருக்கும் அது பொருந்தும், ஆனால் நாய் நம் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். குட்டிகளும் கன்றுகளும் உள்ள வயலுக்குள் நாயை அழைத்துச் செல்லலாகாது. ஏப்ரல் முதல் ஜூலை வரை தரையில் கூடுகட்டும் பறவைகள் உள்ள இடங்களில் கயிற்றைக் குறுக்கிப் பிடிக்க வேண்டும். மாடுகள் சீறிக்கொண்டு வந்தால் நாயின் கயிற்றை விட்டுவிட்டு, பாதுகாப்பான வழியில் வெளியேற வேண்டும், நாய் தப்பித்துக்கொள்ளும். ஆடுகளை நாய் துரத்தினாலே போதும், கடிக்க வேண்டியதில்லை, அது குற்றமாகும்: 2021-இல் திருத்தப்பட்ட சட்டப்படி 40,000 பவுண்டு வரை தண்டமோ, பன்னிரண்டு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். சட்டத்துக்கு அஞ்சி மட்டும் இதைச் சொல்லவில்லை. சினையாடு ஒன்று ஓடிய ஓட்டத்திலேயே குட்டியை இழந்துவிடும். நாய்க்கழிவைப் புல்லில் விட்டுவருவதும் அப்படித்தான்; அதன்வழிப் பரவும் ஓர் ஒட்டுண்ணியால் பசுக்களுக்குக் கருச்சிதைவு ஏற்படுகிறது.

இக்காரணங்களால் நான் செப்டம்பர் மாதத்தையே பரிந்துரைப்பேன். குட்டிகள் வளர்ந்திருக்கும், கோடையில் மொய்க்கும் மிட்ஜ் என்னும் நுண்கொசுக்கள் குறைந்துவரும், பகலும் பன்னிரண்டு மணி நேரத்தை ஒட்டியிருக்கும். மலைகளில் அப்போது மான் வேட்டைக்காலம் என்பதால் பாதைத் தொடக்கத்திலுள்ள அறிவிப்புகளைப் படித்துவிட்டு ஏறுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வேட்டையாடுவதில்லை என்பது அங்குள்ள வழக்கம். மலைப்பெட்டிகளை அந்த நாளுக்கு வைத்துக்கொள்ளலாம். உண்ணிகள் அப்போதும் இருக்கும். உண்ணியை அகற்றும் கருவி ஒன்றை முதலுதவிப் பெட்டியில் வைத்து, தினமும் மாலையில் நாயின் காதோரம், அக்குள், விரலிடுக்கு ஆகியவற்றையும் நம் கால்களையும் பார்த்துவிட வேண்டும்.

வண்டியைப் பற்றி: நடந்து செல்லும் உரிமை மோட்டார் வண்டிக்குக் கிடையாது. கூடாரத்தைப் போல வேனையும் நினைத்த இடத்தில் நிறுத்தித் தூங்கலாம் என்று நம்மவர் பலர் எண்ணுகிறார்கள். தங்கள் கட்டுரையும் அந்த எண்ணத்தைத் தந்தது. ஒதுங்கிடத்தில் இரவு நிறுத்தினால் மறுநாள் மருத்துவ ஊர்தி வழியின்றி நிற்கும். கழிப்பறைத் தொட்டியை முகாம் தளத்தில் அதற்கென அமைந்த இடத்தில் மட்டுமே கொட்ட வேண்டும். வண்டியின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 3,500 கிலோவுக்குள் உள்ளதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். 1997 முதல் கார் உரிமம் பெற்றவர்கள் அதற்கு மேற்பட்ட பெட்ரோல், டீசல் வண்டியை அந்த உரிமத்தைக்கொண்டு ஓட்ட முடியாது. நாயை வேனில் தனியே விட்டுப் பெட்டி தேடப் போவது அறவே கூடாது. வெளியே 22 டிகிரிதான் இருந்தாலும், மூடிய வண்டிக்குள் ஒரு மணி நேரத்தில் 47 டிகிரி வரை ஏறக்கூடும்.

அடுத்த முறை இத்தகைய கட்டுரையை வெளியிடும்போது, மைல் கணக்குடன் கால்நடை விதிகளையும் கழிவு கொட்டும் முறையையும் அருகிலுள்ள கால்நடை மருத்துவமனை பற்றிய விவரத்தையும் சேர்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். செப்டம்பரில் புறப்பட எண்ணும் வாசகர்கள் முகாம் தளத்தையும் வண்டியையும் இப்போதே பதிவுசெய்ய வேண்டும். நாயுடன் வருகிறோம் என்பதை இரண்டு இடத்திலும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். எல்லா வாடகை வண்டிகளிலும் நாய்க்கு இடமளிப்பதில்லை.

தங்கள் உண்மையுள்ள,
கிளாஸ்கோ வாசகி ஒருவர்