நீ பார்த்துக்கொண்ட ரோடு

ஊத்தங்கரை பக்கம்,
புதன்கிழமை இரவு

அன்புள்ள மாதேசா,

பேத்திக்கு மொட்டை போட்ட போட்டோ வந்தது. வீட்டில் எல்லாருக்கும் காட்டினேன். திருப்பூர்த் தண்ணீர் உனக்கு ஒத்துக்கொண்டதா? இங்கே எல்லாரும் நலம். பெங்களூரா மாமரங்களில் இந்த வருஷம் காய்ப்பு குறைவு, அதை நேரில் பேசிக்கொள்ளலாம்.

இப்போது எழுதுவது நம் ரோட்டைப் பற்றி. ஓடைத் திருப்பத்தில், புளியமரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சிறுபாலத்தை நீ மறந்திருக்க மாட்டாய். போன வாரம் அதில் ஒரு பக்கத்தை மணல் மூட்டை அடுக்கி மறித்துவிட்டார்கள். கைப்பிடிச் சுவரில் முளைத்த அரசங்கன்று இப்போது என் மணிக்கட்டு தடிமன். ஓடையில் இறங்கிப் பார்த்தேன். மேல்தளத்தின் அடியில் சிமென்ட் உதிர்ந்து, துருப்பிடித்த கம்பி வெளியே தெரிகிறது. அடிக்கல்லுக்குக் கீழே மண் அரித்துப்போய், கையை முழங்கை வரை உள்ளே விட முடிகிறது. எனக்கு வயிறு கலங்கிவிட்டது. பள்ளிக்கூட வேன் தினமும் அதன் மேல்தான் போகிறது.

2024 டிசம்பர் மழையில் தொடங்கிய அரிப்பு இது. ஒரே நாளில் ஊத்தங்கரையில் 50 செ.மீ. கொட்டியதே, வண்டிகளை வெள்ளம் உருட்டிக்கொண்டு போனதே, அந்த மழை. அதே வெள்ளத்தில்தான் சாத்தனூருக்குக் கீழே அகரம்பள்ளிப்பட்டில், சுமார் 16 கோடியில் கட்டித் திறந்து மூன்று மாதமே ஆன பாலம் போயிற்று. நம் பழைய பாலம் அன்றைக்குத் தாங்கியது. அதற்கு அப்புறம் அதை யாரும் குனிந்து பார்க்கவில்லை, அதுதான் என் வருத்தம்.

தாருக்கு எதிரி தண்ணீர் என்று நீ சொல்வாய். ஐப்பசிக்கு முன்னால் வாய்க்காலில் மண் வாரி, ரோட்டோர மண்மேட்டைச் செதுக்கி, தண்ணீர் வழிந்தோட வழி விடுவாய். 1997-ல் வேலைக்கு எடுத்த சுமார் பத்தாயிரம் சாலைப் பணியாளர்களை 2002-ல் வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த 41 மாதமும் நீ கல் உடைத்துப் பிழைத்ததைக் கூடவே இருந்து பார்த்தவன் நான். 2006-ல் நீ மண்வெட்டியோடு திரும்பி வந்தபோது வாய்க்கால் தூர்ந்து ரோட்டு மட்டத்துக்கு வந்திருந்தது. இப்போதும் அதே நிலைமை. நீ ரிட்டையர் ஆன பிறகு உன் இடத்துக்கு ஆள் வரவே இல்லை.

கிரானைட் லாரிகளும் குறையவில்லை. ஓர் அச்சின் பாரம் இரண்டு மடங்கானால் ரோட்டுக்கு வரும் சேதம் ஏறக்குறைய 16 மடங்கு என்று சிவில் படிக்கும் என் மருமகன் கணக்குப் போட்டுக் காட்டினான். 2018-ல் நாலு டயர் அச்சுக்கான அனுமதி எடையை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தினார்கள். லாரிக்கு அனுமதி கூடியது, பாலம் அப்படியேதான் இருக்கிறது.

நெடுஞ்சாலைத் துறை ஆபீசில் கேட்டேன். பழுது பார்க்கப் பணம் இல்லை, புதுப் பாலத்துக்கு எஸ்டிமேட் போட்டிருக்கிறோம், வரும் என்றார்கள். புதுசாகக் கட்ட நபார்டு வங்கியில் கடன் கிடைக்கும், சரி. வாய்க்கால் தூர்வாரவும் அரசங்கன்று பிடுங்கவும் யார் கடன் கொடுப்பார்கள்? அது வருஷா வருஷம் அரசாங்கம் ஒதுக்கும் பணத்தில்தான் நடக்க வேண்டும். பெட்ரோல் போடும்போதெல்லாம் சாலைக்கென்று செஸ் என்ற தனி வரி கட்டுகிறோம். 2000-ல் சாலை நிதிக்குச் சட்டமே போட்டார்கள். 2018-ல் மற்றக் கட்டமைப்புகளையும் அதில் சேர்த்து, பெயரையும் மாற்றினார்கள். அந்தப் பணத்தில் ஒரு கூடை சிமென்ட் கலவைகூட நம் ஓடைக்கு வந்து சேரவில்லையே, மாதேசா. சில ஆயிரத்தில் முடிய வேண்டிய வேலையை விட்டுவிட்டு, கோடிக்காகக் காத்திருக்கிறோம்.

ஊரில் பேசி, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுப்பதாக முடிவு செய்திருக்கிறோம். நீ ஒரு நீல அட்டை நோட்டு வைத்திருந்தாயே, எந்த மாதம் எந்த வாய்க்கால் வாரினாய், எங்கே கல் பதித்தாய் என்றெல்லாம் எழுதிவைத்தது. அந்தப் பாலத்தைப் பற்றிய பக்கங்களைப் போட்டோ எடுத்து அனுப்பு. மனுவோடு வைக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல். அரசங்கன்றை நாங்களே வெட்டலாமா? இல்லை, வேரோடு அசைத்தால் சுவர் சரிந்துவிடுமா? உன் பதில் வரும்வரை அதைத் தொட மாட்டோம்.

அன்புடன்,
உன் கோவிந்தன்