எடை குறைப்புக் குறிப்புகள் கடற்கரை அடுப்படிக்கும் பொருந்தட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உடல் எடையைக் குறைப்பது பற்றி நலவாழ்வுப் பக்கங்களில் வரும் குறிப்புகளில் ஓட்ஸ், கினோவா, ஆலிவ் எண்ணெய், அவகாடோ என்று ஒரே பட்டியல் திரும்பத் திரும்ப வருகிறது. தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், கீழக்கரை, ஏர்வாடி, மூக்கையூர் என்று நீளும் எங்கள் ராமநாதபுரம் மாவட்டக் கரையில் அந்தப் பட்டியலோடு ஒரு வாரம் தாக்குப்பிடிப்பதே கடினம். அதற்குத் தேவையும் இல்லை. எடை குறைய வேண்டியவருக்கான சாப்பாட்டில் பெரும்பகுதி இங்கேயே விளைகிறது, இங்கேயே கரையேறுகிறது. அளவும் சமைக்கிற விதமும்தான் காரியத்தைக் கெடுக்கின்றன. உணவு ஆலோசனை, செவிலியர் பணி என்று இதே வேலையில் இருக்கும் நாங்கள் இந்த வட்டாரத்துக்குப் பொருந்துகிற கணக்கை எழுதுகிறோம். இடம் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

முதலில் இலக்கு. மாதம் பத்து கிலோ குறைப்பதாகச் சொல்லும் விளம்பரங்களை ஒதுக்கிவிடலாம். வாரத்துக்கு அரை கிலோ குறைந்தாலே நல்ல வேகம். 80 கிலோ இருப்பவர் ஆறு மாதத்தில் 4 முதல் 8 கிலோ குறைத்தால் சர்க்கரையிலும் ரத்த அழுத்தத்திலும் அதன் பலன் தெரியும். மிக வேகமாகக் குறைத்தால் தசையும் சேர்ந்து கரைகிறது, பித்தப்பையில் கல் உண்டாகும் வாய்ப்பும் கூடுகிறது. வாரம் அரை கிலோவுக்கு நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி குறைய வேண்டும். கேட்க மலைப்பாக இருக்கும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். கடையில் ஐந்து டீ குடிப்பவர் டீக்கு இரண்டு கரண்டி சீனியை அரைக் கரண்டி ஆக்கினால் 150 கலோரி மிச்சம். டீயோடு போகும் இரண்டு பருப்பு வடையை விட்டால் 200. சமையலில் ஆளுக்கு இரண்டு தேக்கரண்டி எண்ணெய் குறைந்தால் 80. மதியச் சோற்றில் அரைத் தம்ளர் குறைந்தால் 100. மொத்தம் 530. மீனையோ சோற்றையோ டீயையோ யாரும் விடச் சொல்லவில்லை.

சீனியை ஒரே நாளில் நிறுத்துபவர்கள் பெரும்பாலும் நாலாம் நாள் பழைய அளவுக்கே திரும்பிவிடுகிறார்கள். வாரத்துக்கு அரைக் கரண்டியாகக் குறைத்தால் நாக்கு பழகிக்கொள்ளும். கடையில் ‘சீனி கம்மி’ என்று சொன்னால் போதாது, மாஸ்டரின் கம்மி வேறு, நம் கம்மி வேறு. சீனி இல்லாமல் வாங்கி, கரண்டியால் நாமே போட்டுக்கொள்வதே சரி.

இங்கே ஒரு நம்பிக்கையையும் தொட்டாக வேண்டும். கருப்பட்டி எடை போடாது என்று பலர் நினைக்கிறார்கள். பனை நம் மாவட்டத்தின் பெருமை. அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கருப்பட்டியிலும் மிகப்பெரும் பங்கு சர்க்கரைதான், கிராமுக்குக் கலோரியும் ஏறத்தாழ சீனிக்குச் சமம். பதநீரில் நூற்றுக்கு 10 பங்குக்கு மேல் சர்க்கரை இருப்பது வழக்கம். ஒரு பெரிய தம்ளரில் ஐந்து கரண்டிச் சீனி இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். நுங்கு அப்படியில்லை. பெரும்பகுதி தண்ணீர், கோடையில் தாராளமாகச் சாப்பிடலாம், பாயாசமாக்காமல். மார்கழி, தை மாதங்களில் வரும் பனங்கிழங்கு மாவுச்சத்தோடு நார்ச்சத்தும் உள்ளது. அவித்த கிழங்கு ஒன்றிரண்டு மாலைப் பலகாரத்துக்குப் பதிலாக இருந்தால் நல்லது, பலகாரத்துக்கு மேலாக என்றால் கணக்கு உதைக்கும். கீழக்கரைத் தொதலைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டாம். தேங்காய்ப்பாலும் மாவும் இனிப்பும் சேர்ந்து இறுகியது அது. விருந்துக்கு ஒரு துண்டு, அவ்வளவுதான்.

இனி மீன். சூடை, நெத்திலி, காரல், நகரை எல்லாமே எடை குறைப்பவருக்கு ஏற்றவை. நூறு கிராம் மீனில் 18 முதல் 20 கிராம் புரதம் உண்டு. அது பசியைத் தாங்கும், தசையைக் காக்கும். விலை கூடிய வஞ்சிரம்தான் சத்து என்பதில்லை. சூடையில் ஒமேகா கொழுப்பு நன்றாகவே இருக்கிறது. எடையைக் கூட்டுவது பொரிக்கும் முறை. சோளமாவும் அரிசிமாவும் கலந்த கெட்டி மசாலா பூசி, முங்க எண்ணெய் ஊற்றிப் பொரித்தால் அந்தப் பூச்சே எண்ணெயைக் குடித்துக்கொள்ளும். எண்ணெய் நன்றாகக் காயாமல் போட்டால் இன்னும் அதிகமாகக் குடிக்கும்.

நான்கு துண்டு மீனுக்கு இரண்டு தேக்கரண்டி எண்ணெய் போதும். கழுவிய மீனைத் துணியால் ஒற்றி ஈரம் போக்குங்கள். மஞ்சள்தூள், முண்டு மிளகாய்த்தூள், உப்பு, கொஞ்சம் புளிக்கரைசல் அல்லது எலுமிச்சைச் சாறு இவற்றை மட்டும் மெல்லியதாகத் தடவி 20 நிமிடம் வையுங்கள். இரும்புத் தோசைக்கல் காய வேண்டும். தண்ணீர் தெளித்தால் துளிகள் உருண்டு ஓடுவது அடையாளம். அதற்குப் பிறகே எண்ணெயைப் பரப்பி மீனை அடுக்க வேண்டும். நடுத்தரத் தீயில் நான்கு நிமிடம் அசைக்கக் கூடாது. ஒரே ஒரு முறை திருப்பி, இன்னும் மூன்று நிமிடம். மீன் கல்லில் ஒட்டுகிறது என்பதுதான் எல்லோரும் சொல்லும் குறை. கல் காயாததும் மீனின் ஈரமும் அதற்குக் காரணம். ஒட்டியதும் பதறி எண்ணெயை மேலே ஊற்றுவதும், பாதி வெந்ததைக் கரண்டியால் கிண்டுவதும்தான் நடக்கிறது. அடிப்பக்கம் சிவந்தால் மீன் தானாகவே கல்லை விடும்.

குழம்பில் தேங்காயைக் கவனியுங்கள். நடுத்தரத் தேங்காயின் ஒரு மூடியில் ஏறத்தாழ 450 முதல் 500 கலோரி இருக்கும். நான்கு பேர் குழம்புக்கு ஒரு மூடி அரைப்பதற்குப் பதில் கால் மூடியோடு வதக்கிய சின்ன வெங்காயமும் தக்காளியும் சேர்த்து அரைத்தால் குழம்பு கெட்டியாகவே வரும், ருசியும் குறையாது. இறக்கும்போது மேலே ஊற்றும் நல்லெண்ணெயும் கணக்கில் சேரும். செக்கு எண்ணெய், பாமாயில், கடலை எண்ணெய் எதுவானாலும் கலோரியில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆளுக்கு நாளைக்கு நான்கு தேக்கரண்டி என்று வைத்தால் நான்கு பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு 80 மி.லி. மாதம் இரண்டரை லிட்டருக்குள் முடிய வேண்டும். காலையிலேயே அந்த 80 மி.லி.யைச் சின்னக் கிண்ணத்தில் அளந்து வைத்து, அன்றைய தாளிப்பும் வறுவலும் அதிலேயே நடக்கட்டும். கேனிலிருந்து நேரே சட்டிக்கு ஊற்றும் வரை அளவு பிடிபடாது. மீன் பொரித்த எண்ணெயை மிச்சம் பிடித்து மறுநாள் தாளிப்பதும் வேண்டாம்.

சோறு விஷயத்தில் அரிசியின் நிறத்தைப் பற்றியே பேச்சு நடக்கிறது. சித்திரைக்கார் போன்ற சிவப்பரிசியில் நார்ச்சத்து கூடுதல், பசியும் தாங்கும். ஆனால் கலோரி ஏறக்குறைய ஒன்றுதான். 200 மி.லி. தம்ளரில் ஒரு தம்ளர் சோறு சுமார் 200 கலோரி. வலை இழுக்கிறவருக்கு மூன்று தம்ளர் தேவைப்படலாம். கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்றரை போதும். ஒரே வீட்டில் இருவருக்கும் ஒரே அளவில் பரிமாறுவது வழக்கமாகிவிட்டது. முதலில் காய், பிறகு மீன், கடைசியில் சோறு என்று வரிசையை மாற்றினாலே பலருக்கு மறுசோறு கேட்கத் தோன்றாது. காய்தான் நம் தட்டில் மிகக் குறைவு. பழமும் காயும் சேர்த்து நாளுக்கு 400 கிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஊறுகாய் அளவுக்குப் பொரியல் வைத்தால் அது எட்டாது. முருங்கைக்கீரை, சுரைக்காய், கத்தரி, அவரை, வெள்ளரி என்று வாரச்சந்தையில் கிடைப்பதில் வேளைக்கு ஒரு தம்ளர் வெந்த காய் வேண்டும். பழைய சோறு எடையைக் கரைக்கும் என்று கைபேசியில் சுற்றும் செய்தியை நம்ப வேண்டாம். நல்ல உணவு, தண்ணீரால் வயிறும் நிறையும். தொட்டுக்கொள்ள மிக்சரோ பொரித்த கருவாடோ இருந்தால் அந்த நன்மை போய்விடும். சின்ன வெங்காயம், மோர், ஒரு அவித்த முட்டை போதும்.

இனிச் சொல்வது எந்த நலவாழ்வுப் பக்கத்திலும் இதுவரை எங்கள் கண்ணில் படாதது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகில் போகிறவரின் உடலுழைப்பு ஒரே நாளில் பாதியாகிவிடுகிறது, சோற்றின் அளவு மட்டும் பழையபடி. நாளுக்கு 500 கலோரி மிஞ்சினால் இரண்டு மாதத்தில் நான்கு கிலோ வரை ஏறும். மறுபடி கடலுக்குப் போகும்போது அதில் கொஞ்சம் இறங்கும், மீதி நிற்கும். வருடத்துக்கு ஒரு கிலோ என்றாலும் பத்து வருடத்தில் பத்து கிலோ. ஆகவே தடைக்காலத்தின் முதல் வாரத்திலேயே சோற்றில் மூன்றில் ஒரு பங்கைக் குறைக்க வேண்டும். வலை பின்னுவதும் மராமத்தும் உட்கார்ந்து செய்கிற வேலை; அரை மணிக்கு ஒரு முறை எழுந்து நடக்க வேண்டும். மீன் குறைகிறது என்று கருவாடு, பரோட்டா, பொரித்த கோழி என்று போகாமல் நாட்டுப்படகு மீன், முட்டை, பச்சைப்பயறு, கொண்டைக்கடலை என்று புரதத்தைத் தக்கவைத்துக்கொள்ளலாம். மதுப்பழக்கம் உள்ளவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு குவார்ட்டரில் மட்டும் ஏறத்தாழ 400 கலோரி. தொட்டுக்கொள்ளும் வறுவல் தனி.

கடலுக்குப் போகும் நாட்களில் தூக்கம்தான் சிக்கல். இரவு முழுக்க விழித்திருந்து கரை வந்தவருக்குப் பசி இயல்பைவிடக் கூடும்; இனிப்பும் பொரித்ததும் கேட்கும். வந்ததும் இட்லியோ கஞ்சியோ மீனோடு அளவாகச் சாப்பிட்டு, அறையை இருட்டாக்கித் தூங்குங்கள். இரண்டு தவணையாக என்றாலும் ஏழு மணி நேரம் சேர வேண்டும்.

நோன்பு மாதத்தில் எடை ஏறுவதாகச் சொல்பவர்கள் நோன்புக் கஞ்சியைக் குறை சொல்ல வேண்டாம். அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம் சேர்ந்த அது நல்ல உணவு. ஏற்றுவது சமோசாவும் வடையும் சர்பத்தும். இரண்டு பேரீச்சை, தண்ணீர், ஒரு கிண்ணம் கஞ்சி. பொரித்ததில் ஒன்றே ஒன்று. விடியலுக்கு முன் சாப்பிடும் ஸஹர் உணவைத் தவிர்த்தால் மாலையில் அளவு மீறும்.

நடை பற்றிச் சுருக்கமாக. வாரம் 150 நிமிடம், அதாவது ஐந்து நாள் அரை மணி நேரம். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் வேகம். நம் வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் காலை ஏழுக்குள் அல்லது மாலை ஐந்தரைக்கு மேல். அரை மணி நடையில் செலவாவது 150 கலோரி அளவே; நடந்து முடித்து ஒரு டீயும் வடையும் என்றால் வரவு செலவு சரியாகிவிடும். கடற்கரையில் நடப்பவர்கள் காய்ந்த மணலைத் தவிர்க்க வேண்டும். கால் புதைந்து கெண்டைக்காலும் முட்டியும் வலிக்கும். ஈரமணல் இறுகலாக இருந்தாலும் ஒருபக்கம் சரிவு. போன வழியே திரும்பினால் இரண்டு காலுக்கும் பாரம் சமமாகும். சர்க்கரை நோயாளிகள் வெறுங்காலோடு கரையில் நடக்கவே கூடாது. தூண்டில் முள்ளும் சிப்பியும் குத்தியது உணர்ச்சி குறைந்த பாதத்துக்குத் தெரியாது. வாரம் இரண்டு நாள் நாற்காலியில் உட்கார்ந்து எழுவதைப் பத்துப் பத்தாக மூன்று முறை செய்தால் தொடைத் தசை குறையாது.

எடை பார்ப்பது வாரம் ஒரு முறை, ஒரே கருவியில், காலைக்கடன் முடித்து வெறும் வயிற்றில். முதல் நாள் கருவாடு சாப்பிட்டால் உப்பு தண்ணீரைப் பிடித்துவைத்து முள் ஒரு கிலோ வரை ஏறலாம். அது கொழுப்பு அன்று. வியர்வையில் இறங்குவதும் அப்படியே. அதனால் இடுப்பளவும் பாருங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்ட நிலையில் நாடாவைச் சுற்ற வேண்டும். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் கவனம் தேவை. இரண்டு மூன்று மாதத்தில் எடை நின்றுவிட்டால் பெரும்பாலும் எண்ணெய்க் கிண்ணத்தை அளப்பது நின்றிருக்கும், அங்கிருந்து தொடங்குங்கள்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் சோற்றைச் சட்டென்று குறைத்தால் சர்க்கரை தாழ்ந்து நடுக்கம், வியர்வை, மயக்கம் வரலாம். மருத்துவரிடம் மருந்தளவைக் கேட்ட பிறகே குறைக்க வேண்டும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் வளரும் பிள்ளைகளும் இந்தக் கணக்கைத் தாங்களாகப் பின்பற்றக் கூடாது. அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கு வரும் ஊழியரிடம் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்துக்கொண்டு தொடங்குவது நல்லது.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். நலவாழ்வுப் பக்கத்தில் அளவுகளைத் தம்ளரிலும் தேக்கரண்டியிலும் அச்சிடுங்கள். ஏப்ரல் 15-க்கு முந்திய வாரம் தடைக்கால உணவு பற்றி ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
உணவு ஆலோசகர்கள், செவிலியர்கள் சிலர்,
மண்டபம் வட்டாரம், ராமநாதபுரம் மாவட்டம்.