ஒற்றை எண்ணை நம்பிக் கதவை அடைக்காதீர்கள்

விண்ணப்பத் தளத்தின் பாதுகாப்புப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். போலிக் கோரிக்கைகளைக் குவித்துத் தளத்தை முடக்கக் கடந்த வாரம் நடந்த தாக்குதலைப் பற்றித் தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அன்று தளம் முடங்கவே இல்லை என்று தங்கள் அறிக்கை சொல்கிறது. நான் பணிபுரியும் நூலகத்திலோ அது மாலை வரை திறக்கவில்லை.

எங்கள் நாற்பது கணினிகளும் ஒரே பொது ஐபி முகவரி (இணையத்தில் ஓர் இணைப்பை அடையாளம் காட்டும் எண்) வழியாகத்தான் வெளியே செல்கின்றன. விண்ணப்பிக்கக் கடைசி நாள் என்பதால் எல்லா இருக்கைகளும் நிறைந்திருந்தன. வீட்டில் இணைய வசதி இல்லாத முதியவர் ஒருவர், ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடி, முக்கால் மணி நேரம் விண்ணப்பத்தை நிரப்பி, சான்றிதழையும் இணைத்துச் 'சமர்ப்பி' என்பதை அழுத்தியபோது, 'அணுகல் மறுக்கப்பட்டது' என்ற ஒரே வரி திரையில் வந்தது. "நான் என்னம்மா தப்பு செஞ்சேன்?" என்று கேட்டார். ஒரு முகவரியிலிருந்து நிமிடத்துக்கு இத்தனை கோரிக்கைகள் (பக்கத்தைத் திறக்கவோ விவரத்தை அனுப்பவோ கணினி தளத்துக்கு விடுக்கும் அழைப்புகள்) என்று தாங்கள் விதித்திருந்த வரம்பை எங்கள் முகவரி தாண்டிவிட்டதாகத் தங்கள் உதவி மையம் மறுநாள்தான் எழுதியது.

அந்த ஒற்றை வரம்பைக் கைவிட்டு, ஃபஸி லாஜிக் முறையில் முடிவெடுக்கும் ஏற்பாட்டைச் செய்யுங்கள் என்பதே என் வேண்டுகோள். கணினி அறிவியலாளர் லோட்ஃபி ஸாதே 1965-இல் முன்வைத்த இக்கருத்து, 'ஆம்', 'இல்லை' இரண்டுக்கும் நடுவே 0 முதல் 1 வரை எந்த அளவையும் ஏற்கிறது. ஜப்பானின் செண்டாய் நகரச் சுரங்க ரயில் 1987-லேயே இதன் துணையோடு ஓடத் தொடங்கிவிட்டது. ஒரு முகவரியின் கோரிக்கைகள் 0.7 அளவுக்கு 'மிகுதி', உள்நுழைவுப் பிழைகளோ 0.1 அளவுக்கே 'ஐயத்துக்குரியவை', சர்வரின் (தளத்தை இயக்கும் கணினியின்) சுமை 0.6 அளவுக்குக் 'கடுமை' என்றால், விதிகள் இம்மூன்று அளவுகளையும் சேர்த்து எடைபோட்டு, அடியோடு தடுக்காமல் வேகத்தை மட்டும் சற்றுக் குறைக்கும். சுமை ஏற ஏற, தேடல், படங்கள் போன்றவற்றை முதலில் நிறுத்தி, சமர்ப்பிக்கும் வழியைக் கடைசிவரை திறந்து வைக்கவும் இதே விதிகளை எழுதலாம். இணைப்பின் கொள்ளளவையே நிரப்பிவிடும் தாக்குதலுக்கு இது மருந்தல்ல; அதை இணையச் சேவை வழங்குநரின் மட்டத்திலேயே வடிகட்ட வேண்டும். அன்று எங்களைத் தடுத்தது அத்தகைய தாக்குதல் அல்ல, தங்கள் விதி.

பாதுகாப்பு இறுகும்போதெல்லாம் முதலில் வெளியே தள்ளப்படுவது, ஒரே இணைப்பைப் பலர் பகிர்ந்துகொள்ளும் இடங்கள்தான். சொந்த இணைப்பு உள்ளவர்கள் அன்றும் சிரமமின்றி விண்ணப்பித்தார்கள் என்பது எனக்கு வேதனையாக இருக்கிறது.

அடுத்த விண்ணப்பக் காலத்துக்கு முன் இம்மாற்றத்தைச் செய்து தருமாறும், அன்று திருப்பி அனுப்பப்பட்டவர்களின் விண்ணப்பங்களைத் தாமதமானவை என்று தள்ளாமல் ஏற்குமாறும் பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
நூலகக் கணினிப் பிரிவு ஊழியர்