ஏற்காட்டில் இருட்டுக்கும் இடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சேர்வராயன் மலையில் நிலம் தேடுவோர் தண்ணீர், பாதை, பட்டா ஆகிய மூன்றையும் விசாரிப்பது வழக்கம். நான் நான்காவதாக, அமாவாசை இரவில் அந்த இடம் எவ்வளவு இருட்டாக இருக்கும் என்றும் கேட்டு, தரகர்களிடம் ஒரு மாதிரியான ஆள் என்று பெயர் வாங்கியிருக்கிறேன். "சார், தெருவிளக்கு வாசலிலேயே இருக்கிறது" என்று ஒருவர் பெருமையுடன் காட்டிய மனையை, அந்த ஒரே காரணத்துக்காக நான் வேண்டாம் என்றபோது அவர் முகம் போன போக்கை இன்னும் மறக்க முடியவில்லை.

நான் சேலத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர். என்னிடம் உள்ள எட்டு அங்குலத் தொலைநோக்கியில் நிலவையும் வியாழனையும் சனியின் வளையத்தையும் அஸ்தம்பட்டி மொட்டைமாடியிலிருந்தே நன்றாகப் பார்க்க முடிகிறது. ஆனால் மங்கலான விண்மீன் திரள்களும் ஒளிமுகில்களும் நகர வெளிச்சத்தில் கரைந்துவிடுகின்றன. எத்தனை பெரிய கருவி வாங்கினாலும் இந்தக் குறை தீராது. இடம் மாறினால்தான் தீரும்.

இதில் திசையும் முக்கியம். நம் மாவட்டம் ஏறத்தாழ 11 பாகை முதல் 12 பாகை வரையுள்ள வட அட்சத்தில் இருப்பதால், இங்கிலாந்திலிருந்து பார்க்கவே முடியாத தென்வானச் செல்வங்கள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. ஒமேகா சென்டாரி என்ற மாபெரும் விண்மீன் கொத்து இங்கே சுமார் 30 பாகை உயரம் வரை ஏறுகிறது. திரிசங்கு என்னும் தென்சிலுவை விண்மீன் கூட்டம் மே மாத முன்னிரவில் தெற்கே நிமிர்ந்து நிற்கிறது. ஏற்காட்டுக்குத் தெற்கே, சற்று மேற்காக இருப்பதோ சேலம். லேடீஸ் சீட்டில் நின்று மக்கள் ரசிக்கும் அந்த நகர விளக்குகளின் மேல்தான் நான் தேடும் விண்மீன்கள் உலவுகின்றன. ஆகவே நகரம் கண்ணில் படாத சரிவாகப் பார்த்து, மலையின் உட்பகுதியில் நாற்பது சென்ட் காப்பித் தோட்டம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். வில்லங்கச் சான்றும் பார்த்தாகிவிட்டது. ஓர் அமாவாசை இரவில், இருட்டுக்குப் பழகிய கண் கூசாதிருக்க டார்ச் விளக்கில் சிவப்புத் தாள் ஒட்டிக்கொண்டு போய்ப் பார்த்தபோது பால்வெளி தெளிவாகத் தெரிந்தது. மறுமாதம் முன்பணத்துடன் போனபோது, பக்கத்து விடுதியின் வாசலில் நான்கு ஃபோகஸ் விளக்குகள் புதிதாக முளைத்திருந்தன. அவை மேல்நோக்கி எரிந்ததில் சில்வர் ஓக் மரங்களும் அவற்றில் ஏறிய மிளகுக் கொடிகளும் பட்டப்பகல் போல வெளுத்து நின்றன. தொலைநோக்கியை வண்டியிலிருந்து இறக்காமலே திரும்பிவிட்டேன்.

கல்வராயன் மலையில் கருமந்துறைப் பக்கம் இருட்டு மிகுதி என்பது உண்மைதான். ஆனால் அங்குள்ள நிலத்தில் பெரும்பகுதி மலைவாழ் மக்களுடையது. அதை வெளியார் வாங்க முனைவது முறையுமன்று.

மலைக்கிராமங்களுக்கு விளக்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காட்டெருமை நடமாடும் பாதையில் வெளிச்சம் கட்டாயம் வேண்டும். ஆனால் அது பாதையில் விழ வேண்டும். மேற்புறம் மூடியிட்ட விளக்கு வானத்துக்குப் போகும் ஒளியைத் தரைக்கே திருப்பிவிடுவதால், குறைந்த வாட்டிலேயே பாதை நன்றாகத் தெரியும். நீலம் கலந்த வெள்ளொளி காற்றில் அதிகமாகச் சிதறும் என்பதால் வெதுவெதுப்பான மஞ்சள் எல்இடியே நல்லது. லடாக்கின் ஹான்லேயில் 2022 இறுதியில் இருள்வானக் காப்பகம் அறிவிக்கப்பட்டபின், வீட்டு விளக்குகளுக்கு மூடியும் சன்னல்களுக்குத் திரையும் இட்டதோடு, ஊர்க்காரர்களுக்கே தொலைநோக்கி கொடுத்து, வரும் பயணிகளுக்கு வானத்தைக் காட்டப் பயிற்சியும் அளித்தார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? 93 அங்குலத் தொலைநோக்கி உள்ள காவலூர் நமக்கு வடக்கே ஜவ்வாது மலையில்தான் இருக்கிறது. வானியலாளர்கள் 1960களில் அந்த மலையைத் தேடிப் போனதும் இருட்டை நாடித்தான்.

எனவே ஏற்காடு ஊராட்சி ஒன்றியப் பகுதியில் இனிப் பொருத்தும் தெருவிளக்குகளுக்கு மூடி இட வேண்டும் என்றும், விடுதிகளின் அலங்கார விளக்குகளை இரவு பத்து மணிக்கு மேல் அணைக்கச் செய்ய வேண்டும் என்றும் மாவட்ட நிர்வாகத்தைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். நான் பார்த்த அந்த நாற்பது சென்ட் இன்னும் விலைபோகவில்லை. அந்த நான்கு விளக்குகளையும் கீழே திருப்பிவிட்டால் மறுநாளே முன்பணம் கொடுக்கத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
அஸ்தம்பட்டி, சேலம்.