செத்துப்போனவங்கள "மாறிட்டாங்க"ன்னு சொல்லாதீங்க

கிட்னி கெட்டுப்போனவங்க ரத்தத்த மெஷின்ல சுத்தம் பண்ற நம்ம டவுன் டயாலிசிஸ் சென்டர் கமிட்டி பெரியவங்களுக்கும், சிஸ்டருக்கும், நர்ஸ் வேல பாக்கற எல்லா மிஸிங்களுக்கும் வணக்கம்.

நான் செவ்வாய், வியாழன், சனி காலை ஷிப்ட்டுக்கு வர்றவ. பேரு போடல, ஆனா படிச்சா யாருன்னு உங்களுக்குத் தெரிஞ்சிடும், பரவால்ல. நேர்ல சொல்லலாம்னு பாத்தா ஊசி குத்தற நேரத்துல உங்களுக்கு நிக்க நேரமில்ல, நாலு மணி நேரம் முடிஞ்சு எறங்கறப்போ எனக்குப் பேசத் தெம்பில்ல, அதான் எழுதி எல்லாரும் பாக்கற மாதிரியே போட்டுட்டேன்.

கேக்கறது ஒன்னுதான். எங்கள்ல ஒருத்தர் செத்துப்போனா எங்ககிட்ட சொல்லுங்க.

ஏழாம் நம்பர் நாற்காலி அண்ணன் விஷயத்துல என்னா நடந்துச்சு? வியாழக்கிழமை வந்து படுக்கறேன், பக்கத்து நாற்காலியில புது ஆளு. அண்ணன் எங்க மிஸின்னு கேட்டா "மாறிட்டாரு ஆன்ட்டி"ன்னாங்க. எங்க மாறினாரு, எந்த ஷிப்ட்டுன்னு கேக்கறதுக்குள்ள மெஷின் பக்கம் திரும்பிட்டாங்க. ஆனா கவுன்ட்டர் ஓரத்துல ஒரு பிளாஸ்டிக் பை முடிச்சுப் போட்டு இருந்துச்சு, உள்ள அந்தப் பச்சைக் கட்டம் போட்ட போர்வை. ஏர்கோன் குளுர்ல ரத்தம் வெளிய சுத்தி வர்றப்போ உடம்பு எப்படி நடுங்கும்னு எங்களுக்குத்தான் தெரியும், போர்வைய வுட்டுட்டு எவனும் ஷிப்ட் மாற மாட்டான். அத பாத்தவுடனே தெரிஞ்சிடுச்சு, ஆனாலும் நாலு மணி நேரம் அசைய முடியாம, பக்கத்துல படுத்திருக்கற புது ஆளு முன்னாடி அழவும் முடியாம மேல சீலிங்கையே பாத்துக்கிட்டு கெடந்தேன். திரும்பறப்போ வேன் ஓட்டற தம்பிதான் சொல்லுச்சு, காலையிலயே எடுத்துட்டாங்களாம். நாங்க மெஷின்ல கெடந்த நேரத்துல அங்க எஸ்டேட் தோட்டத்துல அவர தூக்கிட்டாங்க.

நீங்க ஏன் சொல்லலன்னு எனக்குத் தெரியாம இல்ல. பயந்துடுவோம், பிபி எறங்கிடும், அடுத்த வாட்டி வர மாட்டோம்னு நெனைக்கறீங்க. நல்ல மனசுலதான் செய்யறீங்க. ஆனா எங்களுக்குத் தெரியாமலா போவுது? வாட்ஸ்அப்ல வருது, கோயில்ல சொல்றாங்க, பாசார்ல மீன் வாங்கறப்போ கேள்விப்படறோம். அப்பறம் ஒருத்தர் ஒரு நாள் லேட்டா வந்தாலே அவரும் போயிட்டாரோன்னு வயிறு கலங்குது. நிஜமாவே ஷிப்ட் மாறிப் போன ஒரு அக்காவ நான் மனசுக்குள்ள சாவடிச்சு, சாமிக்கு வெளக்கும் ஏத்திட்டேன், அப்பறம் பாத்தா அவங்க கிளினிக்ல நம்பர் எடுத்துக்கிட்டு நிக்கறாங்க!

சொந்தக்காரங்க சாவுக்கு ஊரே வரும், பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் யாராச்சும் கூட இருப்பாங்க. நாற்காலி பக்கத்து மனுசனுக்கு எதுவும் கெடையாது. ஆனா கணக்குப் பாருங்க, வாரத்துக்கு மூனு நாளு, ஒவ்வொரு வாட்டியும் நாலு மணி நேரம், என் கூடப்பொறந்தவங்களோட கூட நான் அவ்ளோ நேரம் ஒக்காந்ததில்ல. மின்னல் எஃப்எம் போட்டு வுட்டு பழைய பாட்டுக்குக் கால ஆட்டுவாரு, எனக்கு கிரேம்ப் புடிச்சா எனக்கு முன்னாடி அவரு மிஸிய கூப்புடுவாரு. அவருக்காக அழறதுக்கு எனக்கு உரிமை இருக்கா இல்லியான்னே தெரியாம இருக்கேன்.

அவரு கதையில இன்னொன்னும் இருக்கு. பால்மரம் சீவினவரு, அப்பறம் செம்பனை வெட்டினவரு, கடைசியில சக்கரை வந்து கிட்னிய எடுத்துடுச்சு. நம்ம மலேசியாவுல புதுசா டயாலிசிஸுக்கு வர்றவங்கள்ல பாதிக்கு மேல சக்கரையாலதான் வர்றாங்க, அது உங்க சுவத்துலயே எழுதி இருக்கு. ஆனா சம்சாரம் செத்த பெறகு அந்த மனுசன் மாறினத எந்தச் சுவத்துலயும் எழுதல. உடம்புல தண்ணி சேந்து வெய்ட் ஏறி வருவாரு, சில நாளு வரவே மாட்டாரு. "அங்கிள் ஏன் இவ்ளோ தண்ணி குடிக்கறீங்க, வராம இருந்து பொட்டாசியம் ஏறினா ஹார்ட் நின்னுடும் தெரியும்ல"ன்னு திட்டினீங்க. தப்பில்ல, உண்மைதான். ஆனா ராத்திரி தூங்கறீங்களா, வீட்ல யாரு சமைக்கறான்னு ஒருத்தரும் கேக்கல. "இருந்து என்னாத்த சாதிக்கப் போறேன்"னு அவரு சொன்னத எல்லாம் ஜோக்காத்தான் எடுத்துக்கிட்டாங்க. எதனால போனாருன்னு நான் சொல்ல வரல, அது டாக்டர் சொல்ல வேண்டியது.

இந்த டிப்ரஷன், அதான் மனச்சோர்வு, எங்க மாதிரி ஆளுங்ககிட்ட நல்லா ஒளிஞ்சுக்குது. பசியில்ல, தூக்கமில்ல, அசதின்னு சொன்னா கிட்னிதான்னு வுட்டுடறாங்க, ஏன்னா கிட்னிக்கும் அதேதான். எனக்கும் வந்துச்சு. தெனமும் காலையில எழுந்தவுடனே ஃபிஸ்டுலா கையில, அதான் ஊசி குத்தறதுக்காக ஆபரேஷன் பண்ணி ரத்தக்குழாய சேத்து வச்ச எடத்துல, வெரல வச்சு அந்த உர்ர்ர்னு ஓடற அதிர்வு இருக்கான்னு தொட்டுப் பாப்பேன்ல, அதையே நிறுத்திட்டேன், ஓடினா என்னா ஓடாட்டி என்னான்னு ஆயிடுச்சு. பேரன் வந்து மடியில ஏறுவான், ஒன்னுமே தோணாது. துக்கம்னா வரும் போவும், நடுவுல யாராச்சும் ஏதாச்சும் சொன்னா சிரிப்பும் வந்துடும். இது போவவே இல்ல.

கிளினிக் கெசிஹாத்தான்ல, அதான் அரசாங்க சுகாதாரக் கிளினிக்ல, ஒரு சின்னப்பொண்ணு டாக்டர் பாரம் கொடுத்துச்சு, ஒம்போது கேள்வி, எல்லாம் கடந்த ரெண்டு வாரத்தப் பத்தி. கடைசி கேள்வி சாவுற நெனப்பு வருதான்னு. எழுதினா போலீஸ் வந்துடுமோன்னு பயம், அந்தப் பொண்ணு நாற்காலிய பக்கத்துல இழுத்துப் போட்டு, இப்ப அந்தச் சட்டமே இல்ல ஆன்ட்டின்னுச்சு. உண்மைதான், தற்கொலைக்கு முயற்சி பண்ணா குத்தம்னு இருந்த 309-ஆம் பிரிவ 2023 செப்டம்பர்ல எடுத்துட்டாங்க. அப்பறம் பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்து, கிட்னிக்கு ஏத்த அளவுல மருந்து கொடுத்தாங்க. சாப்ட்ட ஒடனே சிரிப்பு வந்துடல, மொதல்ல அழுகைதான் வந்துச்சு, ஆனா அதுவே நல்லதாப் போச்சு. இன்னும் மோசமான நாளு வரத்தான் செய்யுது. அப்ப ஏதாச்சும் ஒன்ன மட்டும் செய்வேன், குளிக்கறது இல்லாட்டி வாசல்ல ஒக்காந்து ஜெராய் மலைய பாக்கறது, மத்ததெல்லாம் கெடக்கட்டும்னு வுட்டுடுவேன்.

எனக்கு மட்டும் வந்த சீக்குன்னு நெனைக்காதீங்க. அரசாங்கம் எடுத்த சுகாதார சர்வேல டிப்ரஷன் இருக்கற பெரியவங்க 2019ல 2.3 விழுக்காடு, 2023ல 4.6. அது எல்லாரையும் சேத்து எடுத்த கணக்கு, எங்க நாற்காலிங்கள மட்டும் எண்ணினா கூடத்தான் வரும்.

அதனால சொல்றேன், மாசம் மாசம் ரத்தம் எடுக்கறீங்கல்ல, அன்னிக்கே ரெண்டே கேள்வி கேளுங்க, ரெண்டு வாரமா மனசு சோர்ந்து கெடக்குதா, எதுலயும் ஆசையில்லாம போச்சா. அந்த ஒம்போதுல மொத ரெண்டும் இதுதான், ரெண்டு நிமிசம் கூட ஆவாது. ஆமான்னா டாக்டர்கிட்ட சொல்லுங்க. கவுன்சலிங்குக்கு எடமில்ல நேரமில்லன்னு சொல்லிடாதீங்க, அமெரிக்காவுல டயாலிசிஸ் நாற்காலியில படுத்திருக்கறப்பவே பக்கத்துல ஒக்காந்து கவுன்சலிங் கொடுத்துப் பாத்த ஆய்வு 2019லயே வந்துடுச்சு, எம்மவ ஃபோன்ல காட்டினா. எங்களுக்கு வேற எங்க போவ வேண்டியிருக்கு, கையில ஊசியோட அங்கதான கெடக்கறோம். தமிழ் பேசற ஆளா இருந்தா போதும். மனசு தாங்காதவங்க ஃபோன் பண்ணிப் பேசற பிஃப்ரெண்டர்ஸ் நம்பரையும் 15555ங்கற அரசாங்க ஹீல் நம்பரையும் அந்த சக்கரை போஸ்டர் பக்கத்துலயே ஒட்டுங்க.

(போற போக்குல ஒன்னு, தீபாவளிக்கு தர்மம் பண்ண வர்றவங்க வாழப்பழமும் ஆரஞ்சும் கூடை கூடையா கொடுத்து, தைரியமா இருங்கன்னு சொல்லி ஃபோட்டோ புடிச்சிட்டுப் போறாங்க. பொட்டாசியம் ஏறிச் சாவ தைரியம் வேணும்தான். அடுத்த வாட்டி போர்வை கொடுக்கச் சொல்லுங்க.)

நாற்காலிய காலியா வைங்கன்னு நான் கேக்கல, லிஸ்ட்ல எத்தன பேரு காத்திருக்காங்கன்னு எங்களுக்கும் தெரியும். குடும்பத்துக்கிட்ட சம்மதம் கேட்டுட்டு, கவுன்ட்டர்ல ஒரு தாள்ல பேரு, எப்ப எடுக்கறாங்க, எந்தத் தோட்டம்னு எழுதி வைங்க. அன்னிக்கு மெஷின் இல்லாதவங்களாச்சும் போய் ஒரு மால போட்டுட்டு வருவோம். புதுசா வர்றவங்களுக்கும் நல்லது, நாளைக்கு நம்மளையும் பேரு சொல்லித்தான் அனுப்புவாங்கன்னு தெரியும்.

காலை ஷிப்ட்ல இன்னும் சில பேரு இதுக்குக் கையெழுத்துப் போடத் தயாரா இருக்காங்க, ஊசி இல்லாத கையால. கமிட்டி மீட்டிங் என்னிக்குன்னு சொன்னீங்கன்னா நானும் வர்றேன், சனிக்கெழம மத்தியானமா மட்டும் இருக்க வேணாம், அந்த நேரத்துல என்னால நிக்க முடியாது.

இப்படிக்கு,
ஆறாம் நம்பர் நாற்காலி