காவ்யாவை லாவோஸுக்கு அனுப்பு

திருச்சி
10.8.2025

அன்புள்ள மல்லிகா,

இங்கே எல்லோரும் நலம். அண்ணனையும் அத்தையையும் விசாரித்ததாகச் சொல். தேன்மொழி அக்கா உன்மேல் கோபமாக இருக்கிறாள். காரணம் உனக்கே தெரியும்.

நேற்று இரவு நீ தொலைபேசியில் அழுததிலிருந்து எனக்கு வேறு வேலை ஓடவில்லை. காவ்யா சம்பளத்தில் மிச்சம் பிடித்து, முதுகுப்பையை மாட்டிக்கொண்டு தனியாக லாவோஸ் போகிறேன் என்கிறாள். "நீதான் அங்கே போய் வந்தவள் ஆயிற்றே, வேண்டாம் என்று நீ சொன்னால் கேட்பாள்" என்கிறாய். சொல்ல மாட்டேன், மல்லிகா. கொடைக்கானலில் கடைசி பஸ்ஸைக் கோட்டைவிட்டு விடிய விடியப் பாடிய பெண் யார் என்று உன் மகளுக்கு நான் இன்னும் சொல்லவில்லை. அதிகம் படுத்தினால் சொல்லிவிடுவேன்.

ஏன் போயும் போயும் லாவோஸ் என்று கேட்டாய். அவள் கையில் இருக்கும் பணத்துக்கு ஐரோப்பாவில் ஒரு வாரம் ஓடாது. லாவோஸில் ஒரு மாதம் நிம்மதியாகச் சுற்றலாம். பொது அறையில் ஒரு படுக்கை ஐந்திலிருந்து எட்டு டாலர். சென்னையிலிருந்து பாங்காக் வரைதான் விமானம். அங்கிருந்து லாவோஸின் தலைநகர் வியன்டியானுக்கு 2024 ஜூலை முதல் இரவு ரயிலே ஓடுகிறது. ஆனால் எனக்குப் பிடித்த வழி வேறு. தாய்லாந்தின் வடக்கு ஓரத்தில் சியாங் கோங் என்ற ஊரில் பாலத்தைக் கடந்தால் ஹுவாய் சாய். அங்கே காலையில் ஒரு நீளப் படகில் ஏறினால் மேகாங் ஆற்றோடு இரண்டு நாள் பயணம். இரவுக்குப் பாக்பெங் என்ற சின்ன ஊரில் தங்கவேண்டும். மறுநாள் மாலை லுவாங் பிரபாங். அந்த இரண்டு நாளும் எனக்குப் புத்தகம் திறக்கத் தோன்றவில்லை. இரு கரையிலும் காடு, மணல் திட்டு, குளிக்கும் எருமைகள். பாதி வழியில் எந்தத் துறையும் இல்லாத இடத்தில் படகு மணலில் முட்டி நிற்கும். ஒரு பாட்டி அரிசி மூட்டையோடு இறங்கி மேட்டில் ஏறிப் போய்விடுவாள். இருக்கைக்கு ஒரு மெத்தையும் சாப்பாடும் எடுத்துக்கொள்ளச் சொல், போதும்.

அவள் இந்த ஆண்டே போகவேண்டும் என்பதற்கும் அந்த ஆறுதான் காரணம். லுவாங் பிரபாங்குக்குச் சுமார் 25 கிலோமீட்டர் மேலே பெரிய அணை ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். கீழே சயாபுரி அணை 2019இலிருந்தே மின்சாரம் எடுக்கிறது. 1995இல் உலகப் பாரம்பரியச் சின்னமான ஒரு நகரம், இரண்டு அணைகளுக்கு நடுவே மாட்டிக்கொள்ளப் போகிறது. நான் பார்த்த ஆற்றை அவள் பார்க்க முடியுமா என்று நினைத்தாலே எனக்குத் தொண்டை அடைக்கிறது.

லுவாங் பிரபாங்கைப் பற்றி எழுதத் தொடங்கினால் நிறுத்த மாட்டேன். 16ஆம் நூற்றாண்டு வாட் சியெங் தோங் கோயிலின் கூரை தரையைத் தொடுவதுபோல் இறங்கி வரும். விடியற்காலையில் துறவிகள் வரிசையாகப் பிச்சைக்கு வருவார்கள். ஊர்ப் பெண்கள் மண்டியிட்டுச் சோற்றை உருட்டிப் பாத்திரத்தில் இடுவார்கள். நம் கவுனி அரிசிபோல் ஒட்டும் சோறு அது. மூங்கில் கூடையில் வைத்துக் கையால்தான் சாப்பிடுகிறார்கள், எனக்கு ஒரு நாளும் ஸ்பூன் தேவைப்படவில்லை. ஆனால் அந்தப் பிச்சை வரிசையில் சுற்றுலாக்காரர்கள் துறவியின் முகத்துக்கு நேரே காமிராவை நீட்டுகிறார்கள், மல்லிகா. எனக்கு ஆத்திரம் வந்தது. காவ்யா தோளை மூடிக்கொண்டு எதிர்ப்பக்கம் தள்ளி நின்று பார்க்கட்டும்.

பிரதோஷம் தவறாத உனக்காக ஒரு செய்தி. தெற்கே சம்பாசக்கில் வாட் பூ என்று ஒரு மலைக்கோயில் இருக்கிறது. கம்போடியாவை ஆண்ட கெமர் அரசர்கள் கட்டிய சிவன் கோயில். மலை உச்சியில் இயற்கையாகவே லிங்க வடிவில் ஒரு பாறை. ஒரு காலத்தில், பாறையிடுக்கில் ஊறும் சுனைநீரைக் கால்வாய் வழியாகக் கருவறைக்குக் கொண்டுவந்து, லிங்கத்தின்மேல் எந்நேரமும் விழச் செய்திருந்தார்கள். இப்போது அங்கே புத்தர் அமர்ந்திருக்கிறார். சுனை மட்டும் இன்னும் ஊறுகிறது. உனக்குக் கொஞ்சம் தண்ணீர் பிடித்து வரச் சொல்.

இனி உன் பயத்துக்கு வருகிறேன். பயப்படவேண்டிய விஷயங்கள் உண்டு, அவற்றை மறைத்து உன்னைச் சமாதானப்படுத்த எனக்கு விருப்பமில்லை.

2024 நவம்பரில் வாங் வியெங் என்ற ஊரில் மெத்தனால் கலந்த மதுவால் ஆறு வெளிநாட்டுப் பயணிகள் இறந்தார்கள். அவர்களில் இரண்டு பேர் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒன்றாகக் கிளம்பிய 19 வயதுத் தோழிகள். நான் போவதற்கு இரண்டு மாதம் முன்பு நடந்தது. மெத்தனாலை ருசியில் கண்டுபிடிக்க முடியாது. காவ்யா குடிப்பாளா மாட்டாளா என்று அவளிடம் விசாரணை நடத்தாதே; உன்னிடம் உண்மை வராது. இலவசமாக ஊற்றிக் கொடுப்பதையும் கலந்து கொடுப்பதையும் தொடவே கூடாது என்று மட்டும் அழுத்திச் சொல்.

இரண்டாவது, வாடகை மோட்டார் சைக்கிள். சர்வதேச உரிமம் இல்லாமல் ஓட்டி விழுந்தால் காப்பீட்டு நிறுவனம் ஒரு காசு தராது. பெரிய காயம் என்றால் ஆளைத் தாய்லாந்துக்குத்தான் கொண்டுபோவார்கள். அந்தச் செலவையும் ஏற்கும் காப்பீடு இல்லாமல் அவள் கிளம்பவே கூடாது. இதில் நான் உன் கட்சி.

மூன்றாவது, குண்டு. 1964 முதல் 1973 வரை அமெரிக்கா அந்தச் சின்ன நாட்டின்மேல் இருபது லட்சம் டன்னுக்கு மேல் குண்டு போட்டது. கொத்துக் குண்டுகளிலிருந்து சிதறிய 27 கோடிச் சிறு குண்டுகளில் ஏறத்தாழ எட்டுக் கோடி வெடிக்காமல் மண்ணில் தங்கிவிட்டதாகக் கணக்கிடுகிறார்கள். அவள் போகிற சாலைகளில் ஆபத்தில்லை. பொன்சவானில், பழங்காலக் கல் ஜாடிகள் சிதறிக் கிடக்கும் ஜாடிச் சமவெளியைப் பார்க்கும்போது மட்டும் பாதையை விட்டு விலகக் கூடாது. வியன்டியானில், குண்டில் கைகால் இழந்தவர்களுக்கு உதவும் 'கோப்' என்ற மையத்தில் செயற்கைக் கால்களைக் கூரையிலிருந்து தொங்கவிட்டிருக்கிறார்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது, விருப்பப்பட்டதைக் கொடுக்கலாம். வயலில் மண்வெட்டி பட்டு இன்றும் வெடிக்கிறது, மல்லிகா. பந்து என்று நினைத்துக் குழந்தைகள் எடுக்கிறார்கள். அந்த மையத்தை விட்டு வெளியே வந்து நான் வெகுநேரம் யாரிடமும் பேசவில்லை. காவ்யா அங்கே கட்டாயம் போகவேண்டும்.

உண்மையில் இந்தக் கடிதத்தை நான் எழுத உட்கார்ந்தது இனிச் சொல்லப்போவதற்காகத்தான். "அவ்வளவு மலிவா!" என்று நேற்று நீயும் வியந்தாய். அந்த மலிவு எங்கிருந்து வந்தது தெரியுமா? அந்த ஊர்ப் பணம் கிப். 2021 தொடக்கத்தில் ஒரு டாலருக்குச் சுமார் 9,300 கிப். 2024இல் 21,000ஐத் தாண்டிவிட்டது. அணைக்கும் ரயிலுக்கும் வாங்கிய வெளிநாட்டுக் கடன் நாட்டின் கழுத்தை இறுக்குகிறது. 2023 பிப்ரவரியில் விலைவாசி முந்தைய ஆண்டைவிட 41 சதவீதம் ஏறியிருந்தது. அந்த ஆண்டு இறுதியில் அங்கே மாதக் குறைந்தபட்ச ஊதியம் 16 லட்சம் கிப்; நூறு டாலர்கூட வராது. இளைஞர்கள் படிப்பை விட்டுவிட்டுத் தாய்லாந்துக்குக் கூலி வேலைக்குப் போகிறார்கள். நமக்கு மலிவாகத் தெரியும் ஒவ்வொரு தட்டும் அந்த ஊர்க்காரருக்கு நாலு வருஷத்தில் எட்டாத விலைக்குப் போய்விட்டது.

இதையெல்லாம் தெரிந்துகொண்டே பத்தாயிரம் கிப்புக்காக, அதாவது நம் நாற்பது ரூபாய்க்காக, இரவுச் சந்தையில் ஒரு நெசவுக்காரியிடம் அரை மணி நேரம் மல்லுக்கட்டுகிறவர்களைப் பார்த்தேன். வந்து விடுதியில் பெருமையாகச் சொல்கிறார்கள்! குறைந்த செலவில் பயணம் போவது வேறு, கஷ்டத்தில் இருக்கிறவரைக் கசக்குவது வேறு. காவ்யா ஒரு விலை கேட்கட்டும், கட்டுப்படியானால் வாங்கட்டும், இல்லையென்றால் சிரித்துவிட்டு நகரட்டும். மிச்சம் பிடிக்க வேறு வழிகள் இருக்கின்றன. ஒரே ஊரில் நாலைந்து நாள் தங்கினால் போக்குவரத்துச் செலவு பாதியாகும். குடும்பம் நடத்தும் விருந்தினர் வீட்டில் தங்கி, சந்தையில் சாப்பிட்டால், காசு நேராக அந்த ஊர்க் கைகளுக்குப் போகும். அவளுக்கும் குறைவாகத்தான் ஆகும்.

மற்ற விவரங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் போய் வரட்டும்; மார்ச், ஏப்ரலில் வடக்கே காட்டை எரிப்பார்கள், புகையில் மூச்சு முட்டும். கசங்காத டாலர் நோட்டுகள் கொஞ்சம், தாய்லாந்துப் பணமான பாத் கொஞ்சம் எடுத்துக்கொள்ளட்டும். மிஞ்சிய கிப்பை நாட்டை விட்டு வெளியே வந்தால் யாரும் மாற்றித் தர மாட்டார்கள். லுவாங் பிரபாங்கிலிருந்து வியன்டியானுக்கு 2021இல் வந்த புது ரயிலில் இரண்டு மணி நேரம்தான். டிக்கெட்டை முன்கூட்டியே வாங்கவேண்டும். பாஸ்போர்ட்டில் ஆறு மாதம் பாக்கி இருக்கிறதா என்று இன்றைக்கே பார்.

அவளை அடுத்த ஞாயிற்றுக்கிழமை இங்கே அனுப்பு. என் முதுகுப்பையையும் கொசுவலையையும் எடுத்துக்கொண்டு போகட்டும். வரைபடத்தை விரித்து, எந்த இரவு எங்கே தங்குவது என்று இருவரும் உட்கார்ந்து எழுதுகிறோம். ஒரு பிரதி உனக்கு வரும். தினமும் இரவு ஒரு செய்தி போடவேண்டும் என்று நானே அவளிடம் சத்தியம் வாங்கித் தருகிறேன். அண்ணனிடம் மட்டும் நீ பேசு, அந்த வேலை எனக்கு வேண்டாம்.

அன்புடன்,
சாந்தி